வேகமும் விதியும்

பிறரை முந்த வேண்டும் என்னும் ஆர்வம் மனிதனுக்கு இயற்கையாய் அமைந்தது. தெருவில் விளையாடும் சிறுவர்கள், ஏவுவார் யாரும் இன்றியே, “அந்த மரத்தை முதலில் தொடுவது யார், பார்ப்போம்!” என்று ஓடத் தொடங்குகிறார்கள். ஓடுவதற்கு முன் அவர்கள் செய்வது ஒன்று உண்டு. தரையில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் எல்லாரும் கால் வைத்து நிற்கிறார்கள். ஒருவன் கோட்டைத் தாண்டி நின்றால் மற்றவர் அவனைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். வழியில் முள் கிடந்தால் எடுத்து அப்பால் எறிகிறார்கள். சமமும் காப்பும் இல்லாத ஓட்டம் விளையாட்டு ஆகாது என்பதை அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் வேண்டுவதில்லை. சிறுவர் விளையாட்டில் எளிதாக அமைந்துவிடும் இவ்விரண்டும், பெரும்பொருளும் பெரும்புகழும் சேர்ந்த போட்டிகளில் பெரும் வாதத்துக்கு இடமாகின்றன. அவ்வாதத்தை நம் தமிழ்நாட்டிலேயே ஓரிடத்தில் நின்று ஆராய்வோம்.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து சென்றால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னே இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊரைக் காணலாம். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் தோன்றிய பழம்பதி. ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த நிலம். இன்றோ, அங்கிருந்து தெற்கே ஒரகடம் வரையில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள் நிரைநிரையாக நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998ஆம் ஆண்டில் கார்களை வெளியிடத் தொடங்கிற்று. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே, 1990ஆம் ஆண்டில், அவ்வூரில் மோட்டார் பந்தயத்துக்கென ஒரு தடம் திறக்கப்பட்டது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கம் அதனை அமைத்தது. அத்தடத்தின் முழுச்சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், அதில் 12 வளைவுகள் உள்ளன.

அதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்கள் இறங்குவதற்கென அமைத்த ஓடுதளமே அங்குப் பந்தயத் தடமாயிற்று. விமானத்துக்கு ஏற்ற தளம் வேறு. பந்தய வண்டிக்கு ஏற்ற தடம் வேறு. எங்கே வண்டி வழுக்கும், வழுக்கினால் எங்கே சென்று நிற்கும், காண்போர் எங்கே இருந்தால் அவர்களுக்குத் தீங்கு நேராது என்பனவற்றை எண்ணி அமைப்பதே பந்தயத் தடம். ஆதலின், பந்தயத்துக்கெனவே ஒரு தடம் எழுந்தது நம் நாட்டு மோட்டார் பந்தய வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

தடம் அமைப்போர் இவ்வளவு எண்ண வேண்டுவது ஏன்? ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தோடு ஒப்ப வளர்வதன்று. வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 200 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால், வேகம் இரு மடங்கே ஆயினும் அதன் ஆற்றல் நான்கு மடங்கு ஆகிறது. மோதும்போது அவ்வாற்றல் முழுவதும் எங்கேனும் சென்றாக வேண்டும். கல்சுவரில் மோதினால் இமைப்பொழுதில் அது வண்டியையும் மனிதனையும் தாக்கும். உயர்ந்து வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவன் தன் கைகளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பந்து நிற்கும் நேரம் சிறிது நீளுகிறது. கைக்கு வலி குறைகிறது. வளைவுகளின் புறத்தே பரந்த வெற்றிடம் விடுவதும், சரளைக் கல் பரப்புவதும், பழைய டயர்களை அடுக்கி மதிலாக்குவதும் இவ்வுண்மையை ஒட்டியே ஆகும்.

தடத்தின் ஓரங்களில் கொடிகளை ஏந்திய காவலர் நிற்பர். மஞ்சட் கொடி அசைந்தால் முன்னே இடர் உண்டு என்பது பொருள். அங்கே யாரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். யாரும் பிறரை முந்தல் ஆகாது. செங்கொடி காட்டினால் பந்தயமே நின்றுவிடும். மஞ்சட் கொடியின் விதியை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். “வேகத்தைக் குறை” என்று மட்டும் அது கூறவில்லை. “முந்தாதே” என்றும் சேர்த்துக் கூறுகிறது. ஏன்? தான் வேகம் குறைத்தால் பின்னால் வருபவன் முந்திவிடுவான் என்னும் அச்சம் ஒருவனுக்கு இருக்கும் வரையில் அவன் வேகத்தைக் குறைக்கத் தயங்குவான். எல்லாரும் ஒருங்கே கட்டுப்பட்டால்தான் ஒவ்வொருவனும் அஞ்சாது கட்டுப்படுவான். இக்கட்டுரையின் கருத்து முழுவதும் இச்சிறு கொடியில் அடங்கியுள்ளது.

இத்துணைக் காப்பு இருந்தும் இடர் அறவே நீங்கிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடைபெற்ற கார்ப் பந்தயத்தில், நெடுங்காலம் பழகித் தேர்ந்த 59 வயது வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வீழ்ந்து தலையில் அடிபட்டு மாண்டான். எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. 13 வயது என்பது எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய வயது. இச்செய்தியைக் கேட்டோர் பலரும், “இவ்விளையாட்டு வேண்டுமா? வேண்டுமெனின் எந்த வயதில்? எத்தகைய காப்புடன்?” என்று வினவினர். வினவியது முறையே.

இவ்வினாக்களுக்கு இரு வகை விடைகள் நெடுங்காலமாகவே உள்ளன. ஒரு சாரார் கூறுவது இது: “இடரே இவ்விளையாட்டின் உயிர். இடருக்கு அஞ்சாமையே வீரம். வீரன் தன் விருப்பத்தால் களம் புகுகிறான். அவன் உயிரைக் காப்பது அவன் பொறுப்பு. விதிமேல் விதி வகுத்தால் பந்தயம் சுவையற்றுப் போகும்.” மற்றொரு சாரார் கூறுவது: “வீரம் வேறு, வீணாக மாய்தல் வேறு. திறமையை அளக்கவே பந்தயம். ஊழை அளக்க அன்று.”

இவ்வாதத்தில் ஒருவர் வாழ்க்கை நமக்கு ஒளி தருகிறது. ஸ்காட்லாந்து நாட்டு வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட், 1966ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் நடந்த பந்தயத்தில் பெருமழையில் தடம் விட்டு விலகி வீழ்ந்தார். நொறுங்கிய வண்டிக்குள் அவர் சிக்கிக்கொண்டார். பெட்ரோல் ஒழுகி அவர் உடலை நனைத்துக்கொண்டிருந்தது; ஒரு பொறி பட்டால் எல்லாம் முடிந்துவிடும். மருத்துவரோ மீட்போரோ உடனே வரவில்லை. உடன் பந்தயத்தில் இருந்த இரு வீரர்கள், பார்வையாளர் ஒருவரிடம் திருகுசாவியை இரவல் பெற்று வந்து, அவரை விடுவிக்க ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆயின. அதன்பின் ஸ்டூவர்ட், இருக்கை வார், நல்ல தலைக்கவசம், தடத்தில் மருத்துவர், உறுதியான தடுப்பு ஆகியன வேண்டும் என்று இடைவிடாது வாதாடினார். அவரைக் கோழை என்று இகழ்ந்தோரும் உண்டு. 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக வாகையர் பட்டத்தை அவரே வென்றார். காப்பை விரும்புவோன் கோழை அல்லன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

காப்பு நல்லது என்றால், வீரர்கள் தாமாகவே அதனை மேற்கொள்ளலாம் அன்றோ? விதி எதற்கு? இவ்வினாவுக்கு விடை காணக் கடல் கடந்து, குளிர் மிகுந்த கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்ல வேண்டும். உறைந்த பனித்தளத்தின்மேல், இரும்புத் தகடு பொருத்திய காலணிகளுடன் வழுக்கிச் சென்று ஆடும் பனிக்கட்டி ஹாக்கி அங்கே பெருவிளையாட்டு. வீரர்கள் மிகு விரைவில் ஒருவரோடு ஒருவர் மோதுவர். விழுந்தால் தலை பனிக்கட்டியில் படும். 1968ஆம் ஆண்டில் பில் மாஸ்டர்டன் என்னும் வீரர் அவ்வாறு தலையில் அடிபட்டு இறந்தார். அதன் பின்னரும் வீரர் பலர் தலைக்கவசம் அணியவில்லை. 1979ஆம் ஆண்டில்தான், புதிதாகச் சேரும் வீரர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பு விதி செய்தது. பழைய வீரர்க்கு விலக்கு அளித்தமையால், கவசமின்றி ஆடியவருள் இறுதியானவர் 1997ஆம் ஆண்டு வரையிலும் ஆடினார்.

அவர்கள் அறியாமையால் அணியாதிருந்தனரா? அன்று. தாமஸ் ஷெல்லிங் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1973ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். கவசம் அணிந்தால் பார்வை சற்றுக் குறுகும். பிறர் ஏளனமும் செய்வர். எனவே தான் ஒருவன் மட்டும் அணிந்தால் எதிரிக்குச் சிறிது இடம் கொடுத்ததாகும் என்று ஒவ்வொருவனும் எண்ணுகிறான், அணியாமல் ஆடுகிறான். ஆயினும், எல்லாரையும் கட்டாயப்படுத்தும் ஒரு விதியை வகுக்கலாமா என்று மறைவாக வாக்குக் கேட்டால், அவனே “ஆம்” என்பான். எல்லாரும் அணிந்தால் ஒருவர்க்கும் இழப்பில்லை; தலை மட்டும் தப்பும். தனித்தனியே தேர்ந்தெடுக்க விட்டால் எல்லாரும் இடரைத் தேர்கின்றனர். சேர்ந்து தேர்ந்தெடுத்தால் எல்லாரும் காப்பைத் தேர்கின்றனர். காப்பும் சமமும் இருவேறு பொருள்கள் அல்ல. சமம் இல்லாத இடத்தில் காப்பு நிலைக்காது என்பது இதனால் விளங்கும்.

மோட்டார் பந்தயத்தில் நிகழ்ந்ததும் இதுவே. ஃபார்முலா 1 எனப்படும் உலகப் பந்தயத்தில், ஓட்டுநர் தலையைச் சூழ்ந்து நிற்கும் டைட்டானிய வளையம் ஒன்று 2018ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. அதன் எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். நொடியின் சிறு பகுதியால் வெற்றி தோல்வி முடிவாகும் பந்தயத்தில் 7 கிலோகிராம் பெருஞ்சுமை. விதி இல்லையேல் எந்த அணியும் தான் மட்டும் அதனைச் சுமக்க இசைந்திராது. வளையம் அழகற்றது, பந்தயத்தின் இயல்புக்கு ஒவ்வாதது என்று பலர் எதிர்த்தனர். எதிர்த்தவருள் ஒருவர் பிரான்சு நாட்டு வீரர் ரோமேன் குரோஷான். 2020ஆம் ஆண்டு நவம்பரில் பஹ்ரைனில் அவர் வண்டி இரும்பு வேலியைப் பிளந்து புகுந்து தீப்பற்றியது. அவ்வேலி அவர் தலையைத் தாக்காதவாறு அவ்வளையமே தடுத்தது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் அவர் எரியும் வண்டியினின்றும் தாமே வெளியேறினார். தாம் முன்னர் எதிர்த்த வளையமே தம் உயிரைக் காத்தது என்று அவர் பின்னர் வெளிப்படையாகக் கூறினார்.

இனிச் சமத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். பொருள் மிக்கவன் சிறந்த வண்டியையும் பொருள் அற்றவன் பழைய வண்டியையும் ஓட்டினால், அங்கே போட்டி ஓட்டுநர்க்கிடையே அன்று, பணப்பைகளுக்கிடையே ஆகும். இக்குறையைப் போக்க நம் நாட்டில் ஒரு தமிழர் வழிகண்டார். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் என்னும் பொறி வல்லுநர், மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி, ஒருவர் அமர்ந்து ஓட்டும் பந்தய வண்டியைக் குறைந்த செலவில் அமைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்பது அதன் பெயர். எல்லாரும் ஒரே வகை வண்டியை ஓட்டியதால், முந்துவது எஞ்சினின் விலையைப் பொறுத்ததாக இராமல் ஓட்டுபவன் திறமையைப் பொறுத்ததாயிற்று. ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் இவ்வகை வண்டியில் தம் முதற்பந்தயத்தை ஓட்டிய இளைஞர் ஒருவரே, 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா 1 பந்தயத்தில் புகுந்த முதல் இந்தியர் ஆனார். அவர் நரேன் கார்த்திகேயன். எளிய வண்டியும் சமமான வாய்ப்பும் ஒருவரை எத்துணைத் தொலைவு கொண்டு செல்ல வல்லவை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

பெருநாடுகளின் போட்டிகளும் இவ்வழியைப் பின்பற்றியுள்ளன. முன்னர்க் கண்ட பனிக்கட்டி ஹாக்கியில், ஓர் அணி தன் வீரர்க்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்துக்கு 2005ஆம் ஆண்டு முதல் வரம்பு ஏற்பட்டது. அவ்வரம்பைப் பற்றிய பூசலால் அதற்கு முந்தைய பருவத்தின் ஆட்டங்கள் முழுவதும் நடவாமல் போயின. ஃபார்முலா 1 பந்தயத்தில் 2021ஆம் ஆண்டுக்கு ஓர் அணியின் செலவு 14½ கோடி டாலருக்கு மேற்படலாகாது என்று வரையறை செய்தனர்.

ஆயினும் சமம் என்னும் சொல்லுக்கு எல்லை உண்டு. தொடங்கும் கோட்டில் எல்லாரையும் ஒருங்கே நிறுத்துவது நீதி. முடியும் கோட்டிலும் எல்லாரையும் ஒருங்கே நிறுத்த முயன்றால் அது திறமைக்குத் தண்டனை ஆகும். சில கார்ப் பந்தயங்களில் வென்றவர் அடுத்த பந்தயத்தில் மிகுதியான எடையைச் சுமக்க வேண்டும் என்னும் விதி உண்டு. காண்போர்க்கு அது விறுவிறுப்பைத் தரும், வென்றவரோ, “நான் செய்த பிழை யாது?” என்று கேட்கக்கூடும். பனிக்கட்டி ஹாக்கியில், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை கடைசி நிலையில் உள்ள அணிக்கே உரியதாக இருந்தது. நலிந்த அணி வலுப்பெற வேண்டும் என்பது நோக்கம். ஆனால், நல்ல வீரனைப் பெறும் பொருட்டு வேண்டுமென்றே தோற்கும் ஆசைக்கும் அவ்விதி இடந்தந்தது. அதனைத் தடுக்க 1995ஆம் ஆண்டில் குலுக்கல் முறையைப் புகுத்தினர். நன்னோக்குடைய விதியும் தீய விளைவைத் தரலாம். ஆதலின் விதி வகுப்போர் அதன் விளைவைக் கண்காணித்துத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

காப்புக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கவசம் உண்டு என்னும் துணிவால் சிலர் முன்னினும் முரட்டுத்தனமாக மோதுகின்றனர் என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அதற்கு மருந்து கவசத்தைக் கழற்றுவது அன்று. முரட்டு ஆட்டத்துக்குத் தண்டனை விதிப்பதே ஆகும்.

சமமும் காப்பும் ஒரே விதியில் இணைந்து நிற்பதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. ஃபார்முலா 1 பந்தயத்தில் முன்னர் வண்டியின் எடையையும் ஓட்டுநரின் எடையையும் சேர்த்தே கணக்கிட்டனர். உடல் இளைத்த ஓட்டுநர்க்கு அதனால் நன்மை இருந்தது. உயரமான ஓட்டுநர் சிலர் எடையைக் குறைக்கும் பொருட்டு உணவை ஒறுத்து வாடினர். 2019ஆம் ஆண்டில் அம்முறையை மாற்றினர். ஓட்டுநரும் அவர் இருக்கையும் சேர்ந்து 80 கிலோகிராமுக்குக் குறைந்தால், குறைந்த அளவுக்கு ஈடான எடையை இருக்கையின் அருகே வைத்தல் வேண்டும் என்று விதித்தனர். பட்டினி கிடப்பதால் வரும் நன்மை ஒழிந்தது, பட்டினியும் ஒழிந்தது.

வயது வரம்பும் அத்தகையதே. 2021ஆம் ஆண்டில் ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் இருபது வயது நிரம்பாத மூவர் உயிரிழந்தனர். அதன்பின், உலகப் போட்டிகளில் சேர்வதற்குரிய வயது பொதுவாக 18 என்று 2023 முதல் உயர்த்தப்பட்டது. “என் மகன் காத்திருந்தால் மற்றவர் மகன் முந்திவிடுவான்” என்னும் கவலை பெற்றோர்க்கு உண்டு. எல்லார் மக்களும் காத்திருக்க வேண்டும் என்னும் விதியே அக்கவலையைத் தீர்க்கும். இருங்காட்டுக்கோட்டையில் வீழ்ந்த சிறுவனை நினைக்குங்கால் இவ்விதியின் அருமை நமக்குப் புலனாகிறது.

பந்தயத் தடத்தை விட்டு வெளியே வந்து சுற்றிலும் உள்ள ஆலைகளை நோக்குவோம். அங்கே உலோகத் தகட்டை அழுத்தி வண்டியின் உறுப்புகளாக்கும் பிரஸ் இயந்திரங்கள் உண்டு. இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் மட்டுமே இயங்குமாறு அவற்றை அமைப்பர். இரு கைகளும் பொத்தான்களில் இருக்கும்போது விரல் அச்சில் அகப்படுவதற்கு இடமில்லை. அவ்வமைப்பினால் வேலை சற்று மெதுவாகும். மிகுதியான எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு ஒருவர் அதனை நீக்கிவிட்டு வேலை வாங்கினால், நேர்மையாக அதனைப் போற்றும் மற்றொருவர் விற்பனைப் போட்டியில் பின்தங்குவார். விரலை இழப்பவனோ தொழிலாளி. இயந்திரத்துக்கு வேலியிடுதல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எல்லா ஆலைகளுக்கும் பொதுவாக விதித்ததன் காரணம் இதுவே. ஹாக்கி வீரனின் தலைக்கவசமும் தொழிலாளியின் இயந்திர வேலியும் ஒரே நீதியின் இரு வடிவங்கள். அவ்விதி ஏட்டில் இருந்தால் போதாது. ஒவ்வோர் ஆலையிலும் பார்வையிட்டு நிறைவேற்றப்படுதல் வேண்டும்.

மாணவர்களே! தீங்கு நேர்ந்தபின் “எல்லாம் விதி” என்று கூறிப் பெருமூச்சு விடுவது நம்மிடையே வழக்கம். தமிழில் விதி என்னும் சொல்லுக்கு ஊழ் என்றும் பொருள் உண்டு. சட்டம் என்றும் பொருள் உண்டு. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில் உளது. நாளை உங்களுள் சிலர் பந்தய வீரர் ஆகலாம். சிலர் ஆலைகளில் பொறியாளரும் தொழிலாளரும் ஆகலாம். சிலர் சட்டம் வகுக்கும் மன்றத்திலும் அமரலாம். எங்கிருப்பினும், முந்தும் ஆர்வத்தை விடாதீர்கள். ஓடுமுன் கோடு கிழிப்பதையும் முள்ளை எடுத்தெறிவதையும் மறவாதீர்கள்.